அறுபத்திரண்டு மீட்டர்

முக்கூடலில் நிற்பதாக எங்கள் தாளில் இல்லை.
தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றியது,
சுரண்டைக்கு அப்பால் ஒரு காட்டில் இறக்க வேண்டும்:
காற்றாலை இறக்கை ஒன்று,
நீளம் அறுபத்திரண்டு மீட்டர்.
ஆற்றுப்பாலத்துக்கு நூறடி முன்னால்
கைகாட்டி நிறுத்திவிட்டார் நெடுஞ்சாலைத் துறை ஆள்.
"பாலம் தாங்குமான்னு ஒரு கடுதாசி வரணும்."
எப்போது வரும்?
"வரும்."

நான் முன்வண்டிக்காரன்.
மூங்கில் கழியால் கேபிள் வயரைத் தூக்கிப் பிடித்து
பின்னால் வருவதைக் கடத்திவிடுகிறவன்.
பதினோரு வருடமாக ஊர்களை எனக்கு
வயரின் உயரமாகத்தான் தெரியும்.
இங்கே தாழ்வு, அங்கே டிரான்ஸ்பார்மர்,
அந்தத் திருப்பத்தில் ஒரு வீட்டு சன்ஷேடு.

டிரைவர் ராம்பிரவேஷ் பீகார்க்காரர்.
முதல் சாயங்காலமே ஆற்றில் இறங்கி
கழுத்தளவில் நின்றபடி கேட்டார்,
இது எந்த ஆற்றில் போய்ச் சேரும்?
கடலில், என்றேன்.
நேராகவா?
நேராகத்தான். நாம் கிளம்பி வந்த பக்கம்தான் போகிறது.
அவர் ஊர் ஆறு பாதி வழியில்
இன்னொன்றில் விழுந்து பேரைத் தொலைத்துவிடுமாம்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
சோப்பு கேட்டார்.

இரண்டாம் நாள் இறக்கை ஊர்ச்சொத்து ஆகிவிட்டது.
அடியில் ஆடுகள்.
டீக்கடை பெஞ்சு நிழலைத் தேடி நகர்ந்து வந்தது.
யாரோ கயிறு கட்டிப் பள்ளிச் சீருடை காயப்போட்டார்கள்.
மினிபஸ்காரர் பின்னால் எடுக்கும்போதெல்லாம்
தலையை வெளியே நீட்டிக் கேட்டார்:
"ஏவே, இது ராக்கெட்டா, வீச்சருவாளா?"

மத்தியானம் பீடி சுற்றும் பெண்கள்
முறத்தோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.
உலகம்மாள் என்பவள் நிமிராமல் கேட்டாள்,
"எம்புட்டு நீளம் அண்ணாச்சி?"
சொன்னேன்.
என் டேப்பை வாங்கி ஒரு பீடியை அளந்தாள்.
ஆறு சென்டிமீட்டர், மேலே ரெண்டு கோடு.
விரலில் தூள் ஒட்டியிருக்க, உதடு மட்டும் அசைந்தது.
"ஆயிரம்" என்றாள். "சரியா ஆயிரம்.
நான் ஒருநா சுத்துதது."
பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்:
"கம்பெனிக்காரன் கழிக்கதக் கழிச்சா
இதுக்கு நுனி இருக்காதுட்டீ."

எத்தனை வருசமாக?
"இருவது."
வருசத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்து
எனக்குத் தெரிந்த ஒரே கணக்கான ரோட்டுக் கணக்கைப் போட்டேன்.
மதுரை தாண்டியது, திண்டுக்கல், கரூர்,
காவிரிப் பாலமும் தாண்டி,
சங்ககிரியில் என் வீட்டுக்குப் பத்து மைல் முன்னால்
பீடி தீர்ந்துபோனது.
இவள் பார்த்த தூரமோ
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி, இரண்டு தடவை.
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்,
அவளுக்குச் சிரிக்கத் தெரியும்.

மூன்றாம் ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் கடுதாசி வந்தது.
சீருடையை அவிழ்த்து பெஞ்சின் மேல் மடித்து வைத்தோம்.
பாலத்தின் மேல் நடை வேகம்.
நான் முன்னால், கழியோடு.
கீழே தண்ணீர் எதிர்த்திசையில்
அனுமதி கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஆலங்குளத்தில் விடிந்தபோதுதான் பார்த்தேன்.
இறக்கையின் தடித்த முனையில், வெள்ளையில்,
கரித்துண்டால் எழுதியிருந்தது: 1000.
கீழே ஒரு கோடு,
பாஸ்புக்கில் போடுவதுபோல் சின்னக் கையெழுத்து.
கறை இருந்தால் சரக்கை எடுக்கமாட்டார்கள்.
துணியை நனைத்தேன்.
நனைத்த துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினேன்.

இறக்குமிடத்தில் இன்ஜினியர் கேட்டார், இது என்ன?
பாலத்துக்காரர்கள் போட்ட எடைக்குறி சார்.
சரி என்று தலையாட்டினார்.
கிரேன் தூக்குவதைப் பார்க்க நேரமில்லை,
அடுத்த இறக்கை துறைமுகத்தில் இறங்கியிருந்தது.
இந்தத் தடவை தாளில்
வேறு வழி போட்டிருக்கிறார்கள்.